சாவி உங்கள் கையிலேயே இருக்க வேண்டாம்

அன்புள்ள அம்மிணிக்கு,

அன்னூர்ப் பக்கம் அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியராகச் சேர்ந்த கையோடு நூலகப் பொறுப்பையும் ஒப்படைத்துவிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். இரண்டு இரும்பு பீரோ, ஓர் இருப்புப் பதிவேடு, ஒரு சாவிக்கொத்து. கூடவே, "புத்தகம் காணாமப் போனா நீங்கதானுங்க பதில் சொல்லோணும்" என்றொரு எச்சரிக்கை. நம் பள்ளிகள் பலவற்றில் நூலகம் என்பது இவ்வளவுதான். தனி நூலகர் கிடையாது, யாராவது ஓர் ஆசிரியர் தன் பாடத்தோடு சேர்த்துப் பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். இதே நிலையில் இருக்கும் மற்றவர்களும் படிக்கட்டும் என்று பதிலைப் பொதுவில் எழுதுகிறேன்.

அந்தப் பயத்திலிருந்தே தொடங்குகிறேன். பதிவேட்டுக் கணக்கும் பீரோக் கணக்கும் பொருந்த வேண்டுமென்றால் எளிய வழி பீரோவைத் திறக்காமலே இருப்பது. தணிக்கைக்கு அது போதும். பிள்ளைகளுக்கு அதனால் ஒன்றுமில்லை. எஸ்.ஆர். ரங்கநாதன் 1931-இல் நூலக அறிவியலின் ஐந்து விதிகளை நூலாக்கியபோது, புத்தகம் இருப்பதே பயன்படுவதற்குத்தான் என்பதை முதல் விதியாக வைத்தார். அதை விளக்கும்போது, ஒரு காலத்தில் ஐரோப்பாவில் புத்தகங்களைச் சங்கிலி போட்டு அலமாரியோடு பிணைத்திருந்ததை எடுத்துச் சொல்கிறார். நம் பீரோப் பூட்டு அந்தச் சங்கிலியின் மிச்சம். ரங்கநாதனும் கல்லூரியில் கணக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தவர், 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகத்துக்கு வந்தவர். நூலகப் படிப்பு படிக்கவில்லையே என்று நீங்கள் கலங்க வேண்டியதில்லை.

நூலக விஷயத்தில் நம் மண்ணுக்குத் தனி உரிமை உண்டு. 1948-இல் சென்னை மாகாணப் பொது நூலகச் சட்டம் வந்தபோது கல்வி அமைச்சராக இருந்தவர் திருப்பூரில் பிறந்த தி.சு. அவினாசிலிங்கம். விடுதலை பெற்ற இந்தியாவில் அப்படியொரு சட்டம் அதுதான் முதல். பெரியநாயக்கன்பாளையத்தில் இன்றும் இருக்கும் ராமகிருஷ்ண வித்யாலயத்தை நிறுவியவரும் அவரே. அந்த வித்யாலயத்தில் ஆசிரியராக இருந்த பெரியசாமித் தூரன், ஈரோட்டுப் பக்கத்துக் குடியானவர் வீட்டுப் பிள்ளை, தமிழ்க் கலைக்களஞ்சியத்தின் பத்துத் தொகுதிகளுக்கு முதன்மை ஆசிரியரானார். பெரியவர்களுக்குச் செய்ததோடு நிற்கவில்லை; குழந்தைகளுக்கென்று தனியாக இன்னும் பத்துத் தொகுதிகள், படங்களோடு. ஒரு பள்ளி ஆசிரியர் தன் வாழ்நாளில் பல ஆண்டுகளை இதற்குக் கொடுத்திருக்கிறார். அந்தக் குழந்தைகள் கலைக்களஞ்சியம் உங்கள் பீரோவில் இருந்தால் மேல் தட்டிலிருந்து இறக்கி மேசைமேல் வையுங்கள். இல்லாவிட்டால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் இருக்கிறது. முதல் பக்கத்திலிருந்து படிக்க வேண்டிய நூல் அல்ல அது. பிள்ளை எந்தப் பக்கத்தைப் பிரித்தாலும் ஏதாவது ஒன்று பிடித்து நிறுத்தும்.

இனி நீங்கள் செய்ய வேண்டியது. சாவியை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நாலு பேரிடம் முறை வைத்துக் கொடுங்கள். புத்தகம் எடுத்தவர் பெயரை அவர்களே எழுதட்டும். சில புத்தகங்கள் திரும்பாது, சில கிழிந்து வரும். அப்படி வரும் என்பதைத் தலைமையாசிரியரிடம் முதல் மாதமே சொல்லிவையுங்கள். கிழிந்ததை ஒட்டுவதற்குப் பசையும் பழுப்புத்தாளும் அந்த அறையிலேயே இருக்கட்டும்.

படித்து முடித்த பிள்ளையிடம் கதைச்சுருக்கம் எழுதி வா என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன். சுருக்கம், நீதி, பிடித்த பாத்திரம், ஐந்து புதிய சொற்கள் என்று கேட்கத் தொடங்கினால் அந்த நிமிடமே அது இன்னொரு வீட்டுப்பாடம் ஆகிவிடும். பிரெஞ்சு எழுத்தாளர் டேனியல் பெனாக், அவரும் பள்ளி ஆசிரியர், 1992-இல் வாசகனின் உரிமைகள் என்று பத்தைப் பட்டியலிட்டார். பக்கங்களைத் தாண்டிப் போவதும் பாதியில் மூடிவைப்பதும் அதில் உண்டு. மூன்றாம் பக்கத்திலேயே திருப்பிக் கொடுக்கும் பிள்ளையிடம் காரணம் கேட்காமல் வேறொன்றை நீட்டுங்கள்.

எதை நீட்டுவது? இங்கேதான் நம்மில் பலர் மிரள்கிறோம். பாரதி நூற்றாண்டுக் கட்டுரைத் தொகுப்பும் தலைவர்கள் வரலாறும் அடுக்கியிருக்கும் பீரோவைப் பார்த்து எந்தப் பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு ஆசை வரும்? நான் சோமனூர்ப் பக்கம் வேலை பார்த்தபோது தறி ஓட்டும் வீட்டுப் பையன் ஒருவன் முத்து காமிக்ஸ் தவிர எதையும் தொடமாட்டான். எழுத்துக்கூட்டித்தான் படிப்பான், படம் கைகொடுக்கும். இரும்புக்கை மாயாவியை முடித்த பிறகு ஒருநாள், "படம் இல்லாம இதே மாதிரி இருக்குங்களா ஐயா?" என்று கேட்டான். கோவைக்காரரான ராஜேஷ்குமாரின் நாவல்களில் அந்த வயதுக்குத் தகுந்ததாக ஒன்றைத் தேடிக் கொடுத்தேன். பள்ளிக்கூடத்தில் கிரைம் நாவலா என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. ஒரு பிள்ளை முந்நூறு பக்கத்தைத் தானாகக் கடந்துவிட்டால் அதன் பிறகு அவனை ஆர். ஷண்முகசுந்தரத்தின் 'நாகம்மாள்' வரைக்கும் கூட்டிப்போகலாம். அதில் வருவது அவன் பாட்டி பேசும் பேச்சு.

பள்ளிக்கல்வித் துறையின் வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் உங்களுக்கும் வந்திருக்கும். நுழை, நட, ஓடு, பற என்று நான்கு படிகள். நல்ல ஏற்பாடு. ஆனால் படியைப் பிள்ளையின் நெற்றியில் ஒட்டிவிடக் கூடாது. ஒன்பதாம் வகுப்பில் இருந்துகொண்டு வாசிக்கத் தடுமாறுகிறவன் எல்லோரும் பார்க்க 'நுழை' புத்தகத்தை எடுக்கக் கூசுவான். நான்கையும் ஒரே மேசையில் கலந்து பரப்புங்கள், 'தேன்சிட்டு' இதழையும் சேர்த்து. உங்கள் வகுப்பில் பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வேலைக்கு வந்தவர்களின் பிள்ளைகள் இருந்தால், இந்தியில் சில படக்கதைகளையும் அங்கே வையுங்கள்.

நூலகப் பாடவேளையின் கடைசிப் பத்து நிமிடம் நீங்களே உரக்கப் படித்துக் காட்டுங்கள். யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' ஆறு, ஏழாம் வகுப்புகளுக்கு நன்றாக எடுபடும். 2020-இல் பால சாகித்திய புரஸ்கார் பெற்ற நாவல் அது. பரபரப்பான இடத்தில் நிறுத்திவிட்டுப் புத்தகத்தை மேசையிலேயே விட்டு வாருங்கள். அந்தப் பாடவேளையைக் கணக்குக்கும் அறிவியலுக்கும் கடன் கேட்டு வருவார்கள், தேர்வு நெருங்கினால் இன்னும் அதிகமாக. கொடுக்காதீர்கள். சண்டை போட வேண்டியிருந்தாலும் கொடுக்காதீர்கள். அதைவிட முக்கியம், பிள்ளைகள் படிக்கும் நேரத்தில் நீங்கள் விடைத்தாள் திருத்திக்கொண்டிருக்கக் கூடாது. உங்களுக்குப் பிடித்த ஒன்றை அவர்கள் நடுவே உட்கார்ந்து படியுங்கள். தனக்காக ஒரு பெரியவர் படிப்பதைப் பார்க்கவே பார்க்காத வீடுகளிலிருந்து வருகிறவர்கள் அவர்களில் பல பேர். பனியன் கம்பெனியிலும் பவுண்டரியிலும் ஷிப்ட் முடித்து வருகிற அப்பா அம்மாவைக் குறை சொல்லி என்ன செய்வது?

ஜூலையில் கோவையில் கொடிசியா புத்தகத் திருவிழா நடக்கும். ஆகஸ்டில் ஈரோட்டில் மக்கள் சிந்தனைப் பேரவை ஒன்றை நடத்தும். புத்தகம் வாங்குவதற்கென்று பள்ளிப் பிள்ளைகளுக்கு உண்டியல் கொடுத்துச் சேமிக்கப் பழக்கியவர்கள் அவர்கள். நூலகத்துக்கு வாங்கும் பணத்தில் பாதியையாவது பிள்ளைகள் கையில் கொடுத்து அவர்களையே தேர்ந்தெடுக்க விடுங்கள். பேய்க்கதை, கோலப் புத்தகம், கிரிக்கெட் எதுவானாலும் ரசீது வாங்கிப் பதிவேட்டில் ஏற்றிக்கொள்ளலாம். வாகனச் செலவுக்கு தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் ஜூன் மாதமே பேசிவிடுங்கள். கடைசி வாரத்தில் கேட்டால் வண்டி கிடைக்காது.

அன்புடன்,
உங்களுக்கு முன்னால் இதே போன்ற ஒரு சாவியை வைத்திருந்த ஓர் ஆசிரியர்