சொளகை இறக்கி வைக்கும் நேரம்



மேலப்பாளையம், கடையநல்லூர் பக்கம் பீடி சுற்றும் நம் பெண்களுக்குத் தோள்வலி புதிதல்ல. சுவரோடு சாய்ந்து, மடியில் சொளகை வைத்துக் குனிந்த தலை மணிக்கணக்கில் நிமிர்வதில்லை. இலை நறுக்கும் கத்தரிக்கோலின் அழுத்தம் முழுக்கப் பெருவிரலில் விழுகிறது. மஃரிபுக்குள் தோள் கல்லாகிவிடும். இரவு, மெடிக்கல் கடையில் சில்லறையாக வாங்கிய வலி மாத்திரை ஒன்று. காலையில் மறுபடியும் சொளகு.

இந்த மாதப் பாடத்தை அந்த மாத்திரையிலிருந்தே தொடங்குகிறோம். டாக்டர் சொல்லாமல் நாள்தோறும் விழுங்கும் வலி மாத்திரை வயிற்றில் புண்ணை உண்டாக்கும். நாளடைவில் சிறுநீரகத்தையும் கெடுக்கும். சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு ஆபத்து இன்னும் அதிகம். வலியை அடக்கிவிட்டு அதே நிலையில் உட்கார்ந்தால் வலிக்கான காரணம் அப்படியேதான் இருக்கும்.

தசை சுருங்கி விரிந்தால்தான் அதில் ரத்தம் நன்றாக ஓடும். ஒரே நிலையில் பிடித்து வைத்தால் இறுகிப்போகும். இதோடு கவலையும் சேர்கிறது. கொடுத்த இலை போதாமல் கைக்காசு போட்டு வாங்க வேண்டும். குழுக் கடனுக்கு வாரத் தவணை கட்ட வேண்டும். கவலைப்படும்போது நாம் அறியாமலே தோளைத் தூக்கிப் பிடிக்கிறோம், பல்லைக் கடிக்கிறோம். இதை வாசிக்கும்போதே உங்கள் தோளைக் கவனியுங்கள். காதுப் பக்கம் ஏறியிருந்தால் மூச்சை மெல்ல விட்டு இறக்குங்கள்.

ஓய்வெடுத்தால் சோம்பேறி என்பார்கள் என்ற பயம் நம் வீடுகளில் ஊறியிருக்கிறது. பிள்ளை பெற்றவளுக்கு 40 நாள் எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றிப் பார்த்துக்கொள்கிறோம். அதற்குப் பிறகு அந்த உடம்பை யாரும் தொட்டுக் கேட்பதில்லை. நபி (ஸல்) அவர்கள் பள்ளிவாசலில் இரு தூண்களுக்கிடையே ஒரு கயிறு கட்டியிருப்பதைக் கண்டார்கள். தொழுகையில் களைத்தால் பிடித்துக்கொள்வதற்காக ஸைனப் (ரலி) அவர்கள் கட்டிய கயிறு அது. அதை அவிழ்க்கச் சொன்னார்கள். உற்சாகம் உள்ளவரை தொழுதுவிட்டு, களைத்தால் உட்காரச் சொன்னார்கள். புகாரியிலும் முஸ்லிமிலும் இச்செய்தி உள்ளது. வணக்கத்துக்கே அந்தக் கயிறு வேண்டாம் என்றால், பீடிக்கு எதற்கு?

திருகை அரைத்துக் கை வலித்த ஃபாத்திமா (ரலி) அவர்கள் பணியாள் கேட்டபோது, படுக்கும் முன் ஓதும் தஸ்பீஹை நபியவர்கள் கற்றுக்கொடுத்ததும் நாம் அறிந்ததே. ஸுப்ஹானல்லாஹ் 33, அல்ஹம்துலில்லாஹ் 33, அல்லாஹு அக்பர் 34. விளக்கை அணைத்தபின், மறுநாள் கணக்கைப் போட்டுக்கொண்டு படுக்காமல், நிதானமாக மூச்சு விட்டு ஓதிப் பாருங்கள்.

பகலில் ஓய்வுக்குத் தனி நேரம் தேட வேண்டியதில்லை. தொழுகையை உடற்பயிற்சி என்று சிலர் விளக்குவதுண்டு; நமக்கு அதில் உடன்பாடில்லை, வணக்கம் வணக்கமே. ஆனால் தொழ எழுந்தவர் உடனே சொளகுக்குத் திரும்பாமல் பத்து நிமிடம் நடக்கலாம். லுஹருக்குப் பின் சற்று நேரம் கைலூலா தூங்கலாம். தொழுகை இல்லாத நாட்களில்தான் பல பெண்கள் இடத்தைவிட்டு எழாமலே சுற்றுகிறார்கள். அந்த நாட்களிலும் பாங்கு சொன்னால் சொளகை இறக்கி வையுங்கள்.

இனி, கை கால் பிடித்துவிடுவது பற்றி. புகையிலைத் தூள் ஒட்டிய கையை முதலில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வெதுவெதுப்பான நல்லெண்ணெயோ தேங்காய் எண்ணெயோ ஒரு ஸ்பூன் போதும். வலது கையால் இடது தோளின் மேல்சதையைக் கொத்தாகப் பிடித்து, மூச்சை உள்ளே இழுத்து, வெளியே விடும்போது மெல்ல விடுங்கள். ஐந்தாறு முறை செய்துவிட்டுக் கை மாற்றிக்கொள்ளுங்கள். பிறகு மணிக்கட்டிலிருந்து முழங்கைவரை நீளமாக மேல்நோக்கித் தேயுங்கள். பெருவிரலின் அடிச்சதையில் வட்டமாக அமுக்குங்கள். கத்தரிக்கோல் பிடிக்கும் கைக்கு இந்த இடம்தான் முக்கியம். இதமாக வலிக்கலாம், மூச்சைப் பிடிக்கவைத்தால் அழுத்தம் அதிகம். கழுத்தெலும்பின் மேல் அமுக்க வேண்டாம், கழுத்தைத் திருகிச் சொடக்கு எடுக்கவே வேண்டாம். முதுகுக்கு மகளையோ மருமகளையோ கூப்பிடுங்கள். மறுநாள் அவர்களுக்கு நீங்கள் பிடித்துவிடுங்கள். கணவர் பிடித்துவிட்டாலும் குறைந்துபோக மாட்டார்.

கெண்டைக்காலில் ஒரு பக்கம் மட்டும் வீங்கி, சூடாக இருந்தால் தேய்க்காதீர்கள். ரத்தக்கட்டியாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள். சர்க்கரையால் கால் மரத்துப்போனவர்களுக்குச் சூட்டு ஒத்தடம் ஆகாது, சுட்டாலும் தெரியாது. பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மூன்றும் இரவில் மரத்து எழுப்பிவிட்டால், மணிக்கட்டில் நரம்பு நசுங்குகிறது என்று சந்தேகிக்க வேண்டும். அதையும் தள்ளிப்போடாமல் காட்டிவிடுங்கள். நெஞ்சை அழுத்தும் வலி இடது தோளுக்கோ தாடைக்கோ பரவி, வியர்த்துக்கொட்டினால், வாய்வு என்று தைலம் தேய்த்துக்கொண்டிருக்காமல் அந்த நிமிடமே 108-ஐக் கூப்பிடுங்கள்.