பதினெட்டுக்குப் பிறகு எங்கே தங்குவாய்?

அன்புத் தங்கைக்கு,

பிளஸ் டூ முடிந்து, அடுத்து என்ன என்ற யோசனையில் இருப்பாய். நர்சிங்கா, பி.காம். படிப்பா, வேலையா என்று பலரும் உன்னிடம் கேட்டிருப்பார்கள். எங்கே தங்கப்போகிறாய் என்று ஒருவரும் கேட்டிருக்க மாட்டார்கள். பதினெட்டு வயது நிறைந்ததும், நீ வளர்ந்த குழந்தைகள் இல்லத்தின் பதிவேட்டிலிருந்து உன் பெயர் எடுக்கப்படும். அதற்கு முன் நீ தெரிந்துகொள்ள வேண்டிய சட்டங்களும் திட்டங்களும் சில இருக்கின்றன. இந்தப் பத்து ஆண்டுகளில் அவை நிறையவே மாறியிருக்கின்றன. அவற்றைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் சட்டத்தைப் பார்ப்போம். 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தில் 46ஆம் பிரிவு உன்னைப் பற்றியது. பதினெட்டு நிறைந்து இல்லத்தை விட்டுப் போகிறவர்கள் சமூகத்தில் காலூன்றப் பண உதவி வழங்கலாம் என்கிறது அது. இதற்குப் பெயர் பிற்காப்பு. 2016ஆம் ஆண்டின் மாதிரி விதிகள் இதை விரித்துச் சொல்கின்றன. பிற்காப்பு 21 வயது வரை உண்டு. தேவை இருந்தால் 23 வரை நீட்டலாம். ஆறிலிருந்து எட்டுப் பேர் சேர்ந்து தற்காலிகமாக வாழும் குழுக் குடியிருப்பு, தொழிற்பயிற்சிக் காலத்தில் உதவித்தொகை, தொழில் தொடங்கக் கடன், தொடர்ந்து பேச ஓர் ஆலோசகர் என்று பல உதவிகளை அவை பட்டியலிடுகின்றன. எல்லாவற்றையும்விட முக்கியமான விதி ஒன்று உண்டு. நீ வெளியேறும் நாளுக்கு இரண்டு மாதம் முன்பே, குழந்தைகள் நல அலுவலரோ சமூகப் பணியாளரோ உனக்கென ஒரு பிற்காப்புத் திட்டம் எழுதிக் குழந்தைகள் நலக் குழுவிடம் கொடுக்க வேண்டும். இதை நினைவில் வைத்துக்கொள், பின்னால் மறுபடியும் இதற்கே வருவேன்.

இவ்வளவும் நல்ல விதிகள். ஆனால் சட்டம் உதவியை அனுமதிக்கிறதே தவிர, கட்டாயமாக்கவில்லை. அதனால் உனக்குக் கிடைப்பது அந்தந்த ஆண்டு நிதி ஒதுக்கீட்டையும், அதிகாரியின் அக்கறையையும், நீ கேட்டாயா என்பதையும் பொறுத்தது.

பணத்தைப் பற்றிச் சொல்கிறேன். 2009இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தைகள் பாதுகாப்புத் திட்டம் பல மாற்றங்களுக்குப் பிறகு, இப்போது மிஷன் வாத்சல்யா என்ற பெயரில் நடக்கிறது. 2022இல் வந்த அதன் வழிகாட்டு நெறிமுறைப்படி, பிற்காப்பில் இருக்கும் ஒருவருக்கு மாதம் 4,000 ரூபாய். புதுச்சேரியில் அந்த 4,000 ரூபாயில் எப்படி வாழ்வது? ஒயிட் டவுனிலும் அதை ஒட்டிய தெருக்களிலும் குடியிருந்த வீடுகள் ஒன்றன்பின் ஒன்றாக ஹோம்ஸ்டேக்களாகவும் கஃபேக்களாகவும் மாறுகின்றன. நகரத்துக்குள் குறைந்த வாடகைக்குக் கிடைக்கும் அறைகள் குறைந்துகொண்டே வருகின்றன. ஒரு பிஜி விடுதிக் கட்டிலுக்கும் மூன்று வேளைச் சாப்பாட்டுக்குமே அந்தப் பணம் போதாது. வாடகை வீடென்றால் கையில் அட்வான்ஸ் வேண்டும், அதற்கு இந்தத் திட்டத்தில் தனியாகத் தொகை கிடையாது.

பணம் இருந்தாலும் கதவு திறக்கும் என்று சொல்ல முடியாது. முத்தியால்பேட்டையிலோ முதலியார்பேட்டையிலோ 'டு லெட்' பலகை தொங்கும் வீட்டுப் படியேறினால் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். வீட்டுக்கார அம்மா நல்லவராகத்தான் இருப்பார். உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுப்பார். பிறகு கேட்க ஆரம்பிப்பார். "எந்த ஊரும்மா? அப்பா என்ன பண்றாரு? நீங்க என்ன ஆளுங்க? பெரியவங்க யாரையாவது வந்து பேசச் சொல்லேன்." உன் ஆதார் அட்டையை வாங்கித் திருப்பிப் பார்ப்பார். முகவரியில் இல்லத்தின் பெயர் இருக்கும். "வீட்ல கேட்டுட்டு போன் பண்றேம்மா" என்பார். அந்த போன் வராது. இதில் உன் தவறு எதுவும் இல்லை என்பதை நீ உறுதியாக நம்ப வேண்டும். பின்னால் ஒரு குடும்பம் நிற்காத பெண்ணுக்கு வீடு கொடுக்க நம் ஊர் இன்னும் பழகவில்லை.

வீட்டுக்கார அம்மா கேட்கும் அதே கேள்வியை அரசுத் திட்டங்களும் கேட்கின்றன. ரேஷன் கார்டையே எடுத்துக்கொள். நம் ஊரில் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்குச் சிவப்பு அட்டை, மற்றவர்களுக்கு மஞ்சள் அட்டை. 2015 செப்டம்பரில் நாட்டிலேயே முதலாவதாகச் சண்டிகரிலும் புதுச்சேரியிலும் அரிசிக்குப் பதில் வங்கிக் கணக்கில் பணம் போடும் முறை வந்தது. ரேஷன் கடைகள் மூடின. மக்கள் தொடர்ந்து கேட்டதன் பேரில் 2024 அக்டோபரில் கடைகள் மறுபடியும் திறந்தன, இலவச அரிசி வந்தது. அரிசியா பணமா என்று ஊரே ஆண்டுக்கணக்கில் வாதாடியது. இரண்டில் எது வந்தாலும் கார்டில் பெயர் உள்ளவர்களுக்குத்தான் வந்தது. நீ சாப்பிட்ட சோறு இல்லத்தின் கணக்கில் வந்தது. நீ வெளியே வரும்போது உன் பெயர் எந்தக் கார்டிலும் இருக்காது.

2023 ஜனவரியில் புதுச்சேரி அரசு வேறெந்த அரசு உதவியும் பெறாத ஏழைக் குடும்பத் தலைவிகளுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கியது. நல்ல திட்டம். ஆனால் வயது வரம்பு 21 முதல் 55 வரை. பதினெட்டில் தனியாகக் குடும்பம் நடத்த வேண்டியவளுக்கு முதல் மூன்று ஆண்டுகள் அதில் இடமில்லை. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டமோ பதினெட்டு நிறைந்த பெண்ணைக் குடும்பத் தலைவியாக ஏற்கிறது. அட்டை கேட்டு விண்ணப்பிக்கும்போது இதை எடுத்துச் சொல்.

வீட்டுத் திட்டங்களும் இப்படித்தான். சொந்தமாக மனை இருந்தால் கல்வீடு கட்ட மானியம் கிடைக்கும். 2024 செப்டம்பரில் தொடங்கிய பிரதமர் நகர்ப்புற வீட்டு வசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்திலும், சொந்த மனையில் வீடு கட்டுவோருக்கு 2.5 லட்சம் ரூபாய் வரை உதவி உண்டு. பட்டா இல்லாதவளுக்கு இதனால் உடனடிப் பயன் இல்லை. ஆனால் அதே திட்டத்தில் குறைந்த வாடகைக் குடியிருப்பு என்றொரு பிரிவும் இருக்கிறது. வேலைக்குப் போகும் பெண்கள், தொழிலாளர்கள், மாணவர்கள், வீடற்றோர் ஆகியோருக்கானது அது. அடுத்த சில ஆண்டுகளில் உன் போன்றவர்களுக்குப் பெரிதும் உதவக்கூடியது இந்தப் பிரிவுதான். புதுச்சேரியில் இப்படிக் கட்டப்படும் வாடகைக் குடியிருப்புகளில் இல்லங்களில் வளர்ந்தவர்களுக்கென்று சில அறைகளை ஒதுக்க வேண்டும் என்பது என் கோரிக்கை. நீயும் உன் தோழிகளும் சேர்ந்து அதைக் கேட்க வேண்டும்.

இப்போதைக்கு உனக்கு ஏற்ற கூரை, பணிபுரியும் மகளிர் விடுதி. 2022இல் அந்தத் திட்டத்துக்குச் சகி நிவாஸ் என்று பெயர் மாற்றினார்கள். அதில் ஒற்றை அறைக்கு உன் சம்பளத்தில் 15 சதவீதத்துக்கு மேலும், இருவர் அறைக்கு 10 சதவீதத்துக்கு மேலும், பலர் தங்கும் கூடத்துக்கு 7.5 சதவீதத்துக்கு மேலும் வாடகை வாங்கக் கூடாது என்பது விதி. வேலைக்கான பயிற்சியில் இருக்கும் பெண்களுக்கும் ஒரு பகுதி இடம் உண்டு, பயிற்சிக் காலம் ஓராண்டுக்குள் இருந்தால் போதும். வெளியே வந்த பிறகு அலையாமல், இல்லத்தில் இருக்கும்போதே விண்ணப்பித்து வை.

மற்ற நாடுகளைப் பார்த்தால் நாம் எங்கே நிற்கிறோம் என்பது விளங்கும். நம்மை ஆண்ட பிரான்ஸ், 1974இல் பருவ வயதை 21இலிருந்து 18க்குக் குறைத்தது. இல்லங்களில் வளர்ந்தவர்களுக்கு இதனால் மூன்று ஆண்டுப் பாதுகாப்பு போய்விடும் என்பதால், 21 வரை உதவி தொடர 1975இல் ஆணை பிறப்பித்தது. விருப்பத்துக்கு விடப்பட்ட அந்த உதவி மாவட்டத்துக்கு மாவட்டம் வேறுபட்டது. அந்நாட்டில் பிறந்து வீடின்றித் திரிவோரில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் அரசுப் பராமரிப்பில் வளர்ந்தவர் என்று 2012ஆம் ஆண்டின் கணக்கெடுப்பு காட்டியது. கடைசியில் 2022 பிப்ரவரியில் வந்த சட்டம் 21 வரையிலான உதவியைக் கட்டாயமாக்கியது. பிரிட்டன் 2017இல் 18 முதல் 21 வயதினர் பலருக்கு வாடகை உதவியை நிறுத்தியபோதும், பராமரிப்பில் வளர்ந்தவர்களுக்கு விலக்களித்தது. 2021 முதல் அவர்கள் 25 வயது வரை, பகிர்ந்து வாழும் அறைக்கான குறைந்த தொகைக்குப் பதிலாக, தனிக் குடியிருப்புக்கான கூடுதல் தொகையைப் பெறலாம்.

இந்தியாவாலும் இது முடியும். கொரோனாவில் பெற்றோரை இழந்த குழந்தைகளுக்காக 2021 மே மாதம் அறிவித்த பி.எம். கேர்ஸ் திட்டத்தில் 18 முதல் 23 வயது வரை மாத உதவித்தொகை உண்டு, 23இல் 10 லட்சம் ரூபாய் உண்டு, மருத்துவக் காப்பீடும் உண்டு. ஒரு பிள்ளை தன் காலில் நிற்க 23 வயதாகும் என்று அரசே ஒப்புக்கொண்ட திட்டம் இது. வேறு காரணத்தால் பெற்றோரை இழந்தவளுக்கும், பெற்றோர் இருந்தும் இல்லத்தில் வளர்ந்தவளுக்கும் அதே 23 பொருந்தாதா? திட்டம் எழுதும் மேசையில் குடும்பமில்லாதவரை யாராவது நினைவூட்டினால் அவருக்கும் இடம் கிடைக்கிறது, நினைவூட்டாவிட்டால் விடுபட்டுப் போகிறார். ரேஷனிலிருந்து வீடு வரை நடந்தது அதுதான்.

இனி நீ செய்ய வேண்டியவை. உன் பிறப்புச் சான்றிதழ், ஆதார், மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், குடியிருப்புச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ் இருந்தால் அது, எல்லாவற்றின் அசலையும் கேட்டு வாங்கு. இரண்டு நகல் எடுத்து வேறோர் இடத்தில் வை. பிறப்புச் சான்றிதழே இல்லையென்றால் பயப்படாதே. 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பிறப்பு இறப்புப் பதிவுத் திருத்தச் சட்டம் ஆதரவற்ற, கைவிடப்பட்ட குழந்தைகளின் பதிவுக்கும் வழி செய்திருக்கிறது. எந்த ஆண்டிலிருந்து எந்த ஆண்டுவரை இல்லத்தில் இருந்தாய் என்று இல்லத்திடமோ குழந்தைகள் நலக் குழுவிடமோ எழுத்தில் வாங்கு. வங்கிக் கணக்கு உன் பெயரில் இருக்க வேண்டும், அதில் இணைத்த செல்பேசி எண் உன் கையில் இருக்க வேண்டும். பதினெட்டு நிறைந்ததும் படிவம் 6 கொடுத்து வாக்காளர் அட்டை வாங்கு. நடைபாதையில் தூங்குகிறவருக்கும், வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் வந்து பார்த்து, பட்டியலில் பெயர் சேர்க்கத் தேர்தல் ஆணைய விதி இருக்கிறது. முகவரி இல்லை என்று உன்னை யாரும் திருப்பி அனுப்ப முடியாது.

பதினெட்டு வரை குழந்தைகள் உதவி எண் 1098 உனக்கு உதவும். அதன்பின் மகளிர் உதவி எண் 181. வாடகையிலோ வேலையிலோ யாராவது ஏமாற்றினால் சட்ட உதவிக்கு 15100. பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவசச் சட்ட உதவி தர வேண்டும் என்பது 1987ஆம் ஆண்டின் சட்டம்.

இப்போது அந்த இரண்டு மாத விதிக்கு வருகிறேன். இந்த வாரமே உன் இல்லத்து அலுவலரிடம் போய், என் பிற்காப்புத் திட்டம் எழுதியாகிவிட்டதா என்று கேள். எழுதியிருந்தால் படித்துப் பார். எங்கே தங்குவாய், மாதம் எவ்வளவு, எத்தனை வயது வரை என்ற மூன்றும் அதில் இருக்க வேண்டும். எழுதவில்லையென்றால் குழந்தைகள் நலக் குழுவுக்கும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்கும் உன் கையால் மனு எழுதிக் கொடு. மனு வாங்கியதற்கு முத்திரையிட்ட நகலைக் கேட்டு வாங்காமல் அந்த அலுவலகத்தை விட்டு வெளியே வராதே.

அன்புடன்,
உன் அக்கா
புதுச்சேரி