தொழிலாளிக்கு ஏற்ற கைக்கருவி: தேயிலைத் தோட்டம் கற்பிக்கும் பாடம்

வேலைக்கேற்ப மனிதன் தன் உடலை வளைத்துக்கொள்வதா, மனிதனுக்கேற்ப வேலையையும் கருவியையும் அமைப்பதா என்னும் வினாவை ஆராய்வது பணிச்சூழலியல். முறையற்ற உடல்நிலைகளும் அசைவுகளும் நோய்க்குக் காரணமாவதை இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமாசினி 1700ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தார். அவர் கூறியது இன்றும் பொருந்தும் இடங்களுள் ஒன்று, இடுக்கி மாவட்டத்தில் மூணாறுக்கு அருகிலுள்ள பள்ளிவாசல்.

இன்றைய கேரளத்தின் முதல் பெரிய நீர்மின் நிலையம் 1940இல் இங்குதான் இயங்கத் தொடங்கியது. தேயிலை ஆலைகளிலும் இயந்திரங்கள் வந்துவிட்டன. எனினும், மலைச்சரிவில் கொழுந்து பறிப்பது பெரும்பாலும் கையையும் கத்தரியையும் நம்பியே நடைபெறுகிறது. இப்பணியில் தமிழகத்திலிருந்து குடியேறியோரின் வழிவந்த பெண்கள் மிகப்பலர். ஒரு கிலோ தேயிலைத் தூளுக்கு 4 முதல் 5 கிலோ வரை பச்சைக் கொழுந்து தேவைப்படுகிறது.

கத்தரி வந்தபின் பறிக்கும் அளவு உயர்ந்தது. உடலின் சுமையும் இடம் மாறியது. கத்தரியோடு இணைந்த தட்டில் இலை சேரச் சேர எடை கூடுகிறது. உடலைவிட்டு விலகி நிற்கும் எடை, தோளையும் முதுகையும் அதிகமாக வருத்தும். மழுங்கிய அலகும் கூடுதல் விசையைக் கேட்கும். ஆகவே, கத்தரி எடை குறைந்ததாகவும், கூரியதாகவும், மணிக்கட்டு வளையாமல் பிடிக்கத்தக்க கைப்பிடி உடையதாகவும் இருத்தல் வேண்டும்.

தேயிலைச் செடியே இங்கு வேலை மேசை. கவ்வாத்து செய்த செடி தாழ்ந்திருப்பதால் இடுப்பு வளைகிறது. சில ஆண்டுகளில் செடி வளர்ந்ததும் கைகள் மேலே உயர்கின்றன. சரிவில் மேற்புறம் நின்றால் செடி தாழ்வாகவும், கீழ்ப்புறம் நின்றால் உயரமாகவும் அமையும். எனவே, கவ்வாத்துத் திட்டம் வகுக்கும்போது பறிப்பவரின் முழங்கை உயரத்தையும் கருதுதல் நன்று. கொழுந்துப் பையை இரு தோள்களிலும் அகன்ற பட்டையால் தாங்கச் செய்வதும், எடை போடும் இடத்தை அருகில் அமைப்பதும் பெருஞ்செலவு கோராதவை.

1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் குடியிருப்பு, மருத்துவம், குழந்தைகள் காப்பகம் ஆகியவற்றை வலியுறுத்தியது. 2015 செப்டம்பரில் மூணாறுப் பெண்கள் போனசுக்காகவும் கூலி உயர்வுக்காகவும் போராடினர். கருவியின் அளவும் எடையும் இத்தகைய கோரிக்கைகளுக்கு இணையான கவனம் பெறத்தக்கவை. குறித்த அளவுக்குமேல் பறித்தால் ஊக்கத்தொகை உண்டு. ஆதலால் வலியுடனும் வேலை தொடர்கிறது. கூடுதல் கொழுந்து கணக்கேட்டில் ஏறுகிறது, தோள்வலி ஏறுவதில்லை. புதிய கருவியை மொத்தமாக வாங்குமுன் அதனைப் பயன்படுத்தப்போகும் பெண்களிடம் கொடுத்து, சரிவிலேயே சோதித்து, அவர்கள் கருத்தறிந்து திருத்துவதே உற்பத்திக்கும் உடல்நலத்திற்கும் உகந்த வழியாகும்.