பரிசும் நிய்யத்தும்: 41ஆம் நாள் சுப்ஹு



40 நாள் தொடர்ந்து சுப்ஹு ஜமாஅத்துக்கு வரும் சிறுவனுக்குச் சைக்கிள் பரிசு என்று பல ஊர்களில் அறிவிக்கிறார்கள். நிர்வாகிகளின் நோக்கத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. காலியாகக் கிடந்த ஸஃப்புகள் நிறைவதைப் பார்த்தால் எந்த இமாமுக்கும் மனம் குளிரும். ஆனால் 41ஆம் நாள் அந்தப் பிள்ளை வருவானா என்பதை நீங்கள் யோசித்துப் பார்க்க வேண்டும்.

இது போன்ற ஒன்றை மனோதத்துவ அறிஞர்கள் சோதித்திருக்கிறார்கள். அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகப் பாலர் பள்ளியில் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகியோர் நடத்திய ஆய்வு 1973இல் வெளியானது. வண்ணப் பேனாவால் படம் வரைவதில் ஏற்கெனவே ஆசையுள்ள பிள்ளைகளை மூன்று பிரிவாக்கினார்கள். முதல் பிரிவிடம், வரைந்தால் தங்க நட்சத்திரமும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் தருவதாக முன்பே சொன்னார்கள். இரண்டாம் பிரிவிடம் எதுவும் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவுக்குப் பரிசே இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து வகுப்பில் பேனாக்களை வைத்துவிட்டு, பேசாமல் கவனித்தார்கள். முதல் பிரிவுப் பிள்ளைகள் மற்றவர்களைப் போல ஏறக்குறைய பாதி நேரமே வரைந்தார்கள்.

கவனியுங்கள், இரண்டாம் பிரிவுக்கும் அதே பரிசுதான் கிடைத்தது. அவர்களின் ஆசை குறையவில்லை. "இதைச் செய்தால் இதைத் தருவேன்" என்ற பேரம்தான் ஆசையைக் கெடுத்திருக்கிறது. பிடித்ததால் வரைந்த பிள்ளை, சான்றிதழுக்காக வரைகிற பிள்ளையாகிவிட்டான். சான்றிதழ் இல்லையென்றால் வரையக் காரணமும் இல்லை. நம் வழக்கில் சொன்னால், நிய்யத் இடம் மாறிவிட்டது. ஸஹீஹுல் புகாரி நிய்யத் பற்றிய ஹதீஸோடுதான் தொடங்குகிறது. அதைப் பெரியவர்களின் அமல்களோடு பொருத்திப் பேசுவதே வழக்கம். பிள்ளையின் நிய்யத்துக்கும் வளர்ப்பு வேண்டாமா?

1999இல் எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் கோஸ்ட்னர், ரிச்சர்ட் ரையன் மூவரும் 128 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். முன்கூட்டி வாக்களித்த பரிசுப் பொருள் உள்ளார்வத்தைக் குறைப்பதையும், கல்லூரி மாணவர்களைவிடச் சிறுவர்களிடம் அந்தப் பாதிப்பு அதிகம் என்பதையும் கண்டார்கள். ஆனால் சலிப்பான வேலைகளில் இந்தப் பாதிப்பு தெரியவில்லை. ஆசையே இல்லாத இடத்தில் கெடுவதற்கு என்ன இருக்கிறது? எனவே பள்ளிவாசல் பக்கமே வராத பையன் முதல் அடி வைக்கச் சைக்கிள் உதவலாம். அத்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஆசையாக வந்துகொண்டிருந்த பிள்ளையையும் அதே பட்டியலில் சேர்ப்பதில்தான் ஆபத்து.

"அப்படியானால் பிள்ளைக்கு எதுவுமே கொடுக்கக் கூடாதா ஹஜ்ரத்?" என்று கேட்பீர்கள். ஆஷூரா நோன்பில் ஸஹாபாக்கள் தம் பிள்ளைகளையும் நோன்பு வைக்கச் செய்ததை ருபய்யிஃ பின்த் முஅவ்வித் (ரலி) அறிவிக்கிறார்கள். புகாரி, முஸ்லிம் இரண்டிலும் அது இருக்கிறது. பிள்ளை உணவு கேட்டு அழுதால், கம்பளியால் செய்த விளையாட்டுப் பொருளைக் கையில் கொடுத்து நோன்பு திறக்கும் நேரம்வரை சமாளித்தார்கள். அது நோன்புக்குப் பேசிய கூலி அல்ல, சிரமத்தைக் கடக்கத் துணை. அதோடு, கொடுத்தவர்களும் அன்று நோன்பாளிகள்.

சொர்க்கமும் பரிசுதானே என்று சிலர் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் சொர்க்கத்தின் ஆசை அடியானை அல்லாஹ்வின் பக்கமே திருப்புகிறது. 40 நாளில் கைக்கு வந்து முடிந்துபோவதும் இல்லை. சைக்கிளோ கடை வாசலில் நிற்கிறது.

அறிவித்துவிட்டவர்கள் சைக்கிளைக் கொடுத்தே ஆக வேண்டும், வாக்கு வாக்குதான். கூடவே பிள்ளைகளுக்குப் பள்ளிவாசலில் ஒரு பொறுப்பும் கொடுங்கள். பாய் விரிக்கட்டும், விசிறியைப் போடட்டும். தொழுது முடித்ததும் பெரியவர்கள் பெயர் சொல்லிக் கூப்பிட்டு ஸலாம் சொல்லட்டும். அத்தாமார்களே, மகனை எழுப்பி அனுப்பிவிட்டு நீங்கள் போர்வைக்குள் போகாதீர்கள். நிர்வாகிகள் வருகைப் பதிவு நோட்டை 40ஆம் நாளோடு மூடாமல் இன்னொரு 40 நாள் எழுதி வாருங்கள். அடுத்த ஆண்டு சைக்கிள் வாங்குவதா வேண்டாமா என்று அந்த நோட்டைக் கையில் வைத்துக்கொண்டு பேசலாம்.