பவளத் தொட்டிக்கு எந்த சில்லர்? ஒரு வெப்பக் கணக்கு

மே மாசத்துல தண்டலம் பக்கம் ஒரு அறையோட மதிய வெப்பநிலை 35 டிகிரியைத் தொடுறது சாதாரணம். நமக்கு வியர்க்கும், ஃபேனைக் கூட்டி வைப்போம். அதே அறையில ஒரு சின்ன பவளத் தொட்டி இருந்தா, அதுல இருக்கிற உயிர்களுக்கு வேண்டியது 25 முதல் 27 டிகிரி வரைதான். இந்த இடைவெளியை அடைக்கிற கருவிதான் சில்லர். எந்த அளவு வாங்கணும், எப்படிப் பொருத்தணும்னு படிப்படியா பார்ப்போம். வெப்பப் பரிமாற்றப் பாடத்துல படிச்சது எல்லாம் இங்கே வேலைக்கு வரும்.

முதல்ல, 2 டிகிரி கூடினா என்ன ஆகும்? பவளத்தோட திசுவுக்குள்ள நுண்பாசி குடியிருக்கு. பவளத்தோட உணவுல பெரும்பங்கு அது செய்யுற ஒளிச்சேர்க்கையில இருந்து வருது. நிறமும் அதாலதான். சூடு ஏறினா பவளம் அந்தப் பாசியை வெளியே தள்ளிடும். இதுதான் வெளிறுதல். மன்னார் வளைகுடாவுல 2010லயும் 2016லயும் பெரிய அளவுல இது நடந்தது. கோடையின் வழக்கமான உச்ச வெப்பநிலையைவிட 1 டிகிரி கூடுதலா, 4 வாரம் நீடிச்சாலே வெளிறுதலை எதிர்பார்க்கலாம்னு கடல் வெப்பத்தைக் கண்காணிக்கிறவங்க கணக்கு வைக்கிறாங்க. கடலுக்கே அப்படின்னா, 100 லிட்டர் தண்ணிக்குத் தாங்குசக்தி எவ்வளவு இருக்கும்?

ஃபேன் போதாதா?

தண்ணி மேல காத்து அடிச்சா ஆவியாகும், குளிரும். ஆனா அதுக்கு ஒரு தரை உண்டு: ஈரக்குமிழ் வெப்பநிலை. கடல்காத்து வீசுற ஒரு மே மாலையில 33 டிகிரி, 70 சதவீத ஈரப்பதம்னு வைங்க. ஈரக்குமிழ் சுமார் 28 டிகிரி. எத்தனை ஃபேன் வெச்சாலும் தண்ணி அதுக்குக் கீழே போகாது. பெல்டியர் தகடு போட்டு ப்ராஜெக்ட் பண்ணலாம்னு தோணும். சின்னப் பாத்திரத்துக்கு ஓகே. இந்த அளவு சுமைக்கு அது வெளியேத்துற வெப்பத்தைவிட இழுக்கிற மின்சாரம் அதிகமா இருக்கும். கம்ப்ரசர் சில்லர்தான் வழி.

சுமையைக் கணக்கிடுங்க

60 × 45 × 45 செ.மீ. தொட்டி, கல், மணல் போக 100 லிட்டர் தண்ணி. அறை 35, தொட்டி 26, வித்தியாசம் 9 டிகிரி.

1. நாலு பக்கக் கண்ணாடி: பரப்பு 0.945 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டருக்கு, ஒரு டிகிரிக்கு 7 வாட்னு எடுத்தா, சுமார் 60 வாட்.
2. திறந்த மேல்பரப்பு: சுமார் 20 வாட்.
3. 90 வாட் எல்.இ.டி. விளக்கு: பாதி தண்ணிக்குள்ள போகுதுன்னு வெச்சா 45 வாட்.
4. தண்ணிக்குள்ள ஓடுற பம்ப், வேவ்மேக்கர், ஸ்கிம்மர்: சுமார் 40 வாட். இவை இழுக்கிற மின்சாரம் கிட்டத்தட்ட முழுசும் கடைசியில வெப்பமாத்தான் மாறும்.

மொத்தம் 165 வாட். ஒன்றரை மடங்கு வைங்க: 250 வாட், அதாவது மணிக்கு சுமார் 850 பி.டி.யு. அறை சூடாக ஆக சில்லரோட திறன் குறையும். அதுக்குத்தான் இந்தக் கூடுதல்.

கடையில "1/10 ஹெச்.பி."ன்னு சொல்வாங்க. அது கம்ப்ரசரோட அளவு, குளிர்விக்கும் திறன் இல்லை. லேபிள்ல குளிர்விக்கும் திறன் வாட்லயோ பி.டி.யு.லயோ எவ்வளவு, எந்த அறை வெப்பநிலையில எடுத்த அளவுன்னு கேளுங்க. பெட்டியில எழுதியிருக்கிற "இத்தனை லிட்டருக்கு" மிதமான ஊருக்கு எழுதினதா இருக்கலாம்.

கணக்கைச் சோதிச்சுப் பாருங்க

உயிர் எதுவும் விடுறதுக்கு முன்னாடி, உப்புத்தண்ணி மட்டும் இருக்கும்போது இதைச் செய்யணும். மூடி போட்ட பாட்டில்ல தண்ணியை உறைய வெச்சு தொட்டியில மிதக்கவிட்டு 26 டிகிரிக்குக் கொண்டு வாங்க. பாட்டிலை எடுத்துட்டு, மதிய நேரத்துல விளக்கு, பம்ப் எல்லாம் போட்டு ஒரு மணி நேரம் விடுங்க. 100 லிட்டர் கடல்நீரை 1 டிகிரி சூடாக்க சுமார் 409 கிலோஜூல் வேணும். ஒரு மணி நேரத்துல 1.4 டிகிரி ஏறினா, 409 × 1.4 ÷ 3600, அதாவது 159 வாட். மேலே போட்ட கணக்குக்குப் பக்கத்துல வருது. ரொம்ப விலகினா அளந்ததை நம்புங்க, சூத்திரத்தை இல்லை.

பொருத்துதல்

- தண்ணி தொடுற சுருள் டைட்டானியமா இருக்கணும். பழைய வாட்டர் கூலரைப் பிரிச்சு செம்புக் குழாயை உள்ளே விடாதீங்க. செம்பு பவளத்துக்கும் இறாலுக்கும் விஷம்.
- ஃபில்டருக்கு அப்புறம், தொட்டிக்குத் திரும்புற வழியில சில்லரை வைங்க. ஓட்டம் லேபிள் சொல்ற வரம்புக்குள்ள இருக்கட்டும். மணிக்கு 600 லிட்டர் ஓடினா, 200 வாட் எடுக்கிற சில்லர்ல தண்ணி 0.3 டிகிரிதான் குறைஞ்சு வரும். கையை வெச்சுப் பார்த்துட்டு "ரிப்பேர்"னு முடிவு பண்ணாதீங்க.
- ஸ்டாண்டுக்குள்ள அடைச்சு வைக்காதீங்க. எடுத்த வெப்பத்தோட தன் மின்சாரத்தையும் சேர்த்து அது வெளியே விடுது. அந்தக் காத்தையே திரும்ப இழுத்தா திறன் விழும்.
- 26ல நிறுத்தி 27ல தொடங்குற மாதிரி வைங்க. இடைவெளி ரொம்பக் குறைஞ்சா கம்ப்ரசர் அடிக்கடி நின்னு ஓடிக் கெட்டுப்போகும்.
- 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி., நல்ல எர்த்திங் கட்டாயம். வயர் ப்ளக்குக்குக் கீழே தொங்கி, பிறகு மேலே ஏறணும். அப்போ வழியுற தண்ணி ப்ளக்குக்குள்ள போகாது.
- சில்லரோட சென்சாரை மட்டும் நம்பாம தனியா ஒரு தெர்மாமீட்டர் வைங்க. அர்டுயினோவும் டி.எஸ்.18பி20 சென்சாரும் இருந்தா 28க்கு மேலயும் 24க்குக் கீழயும் அலாரம் அடிக்க வைக்கலாம். ரிலே ஒட்டிக்கிட்டா சில்லர் நிக்காம குளிரவைக்கும், அதுவும் ஆபத்து.
- கரண்ட் போனா முதல் தேவை குளிர்ச்சி இல்லை, ஆக்சிஜன். பேட்டரியில ஓடுற ஏர் பம்ப் ஒண்ணு தயாரா இருக்கட்டும்.
- நெடுஞ்சாலைத் தூசி நம்ம ஏரியாவுல ஜாஸ்தி. கன்டென்சரை மாசம் ஒரு தடவை பிரஷ் போட்டுச் சுத்தம் பண்ணுங்க.

மின்சாரத்தையும் பாருங்க. 150 வாட் இழுக்கிற சில்லர் தினம் 12 மணி நேரம் ஓடினா 1.8 யூனிட். இரண்டு மாசத்துக்கு 108. வீட்டுக்குக் கிடைக்கிற இலவச யூனிட்ல பெரும்பகுதி இதுக்கே போயிடும். பின்பக்கக் கண்ணாடியிலயும் அடியிலயும் தெர்மாகோல் ஒட்டுறது, விளக்கை ராத்திரிக்கு மாத்துறது: இந்த இரண்டும் செலவில்லாத சேமிப்பு.

கடைசியா, தொட்டிக்குள்ள என்ன விடப்போறீங்க? பாறை கட்டுற கல் பவளங்கள், கடல்விசிறி எல்லாம் 2001ல இருந்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில இருக்கு. செத்த பவளக் கல்லும் இதுல அடங்கும். "மண்டபம் சரக்கு, சீப்பா தரேன்"னு யாராவது சொன்னா வாங்காதீங்க. செயற்கைக் கல்லும், பண்ணையில பொரிச்ச கோமாளி மீனும் போதும். அந்த மீனைப் பொரிக்கிற தொழில்நுட்பத்தை மண்டபத்துல இருக்கிற மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி மையமே உருவாக்கியிருக்கு.

மன்னார் வளைகுடாவுக்கு சில்லர் மாட்ட முடியாது. அங்கே மிச்சமிருக்கிற பவளத்தை உடைச்சுத் தொட்டிக்குக் கொண்டுவராம இருக்க நம்மால முடியும். 100 லிட்டரை 26 டிகிரியில நிறுத்த எவ்வளவு வாட் ஆகுதுன்னு ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்க. கடல் 1 டிகிரி ஏறினதா வர்ற செய்தி அதுக்கப்புறம் சின்னதாத் தெரியாது.