மருந்துச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது?



நம் வட்டாரத்தில் மருத்துவமனைக்குக் குறைவில்லை. காட்டாங்குளத்தூரிலேயே எஸ்.ஆர்.எம். மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. செங்கல்பட்டில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. டாக்டர்கள் பெரும்பாலும் தமிழில்தான் பேசுகிறார்கள். ஆனால் கையில் தரும் தாள் ஆங்கிலத்தில் இருக்கிறது. மருந்துச் சீட்டு, லேப் ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாமே அப்படித்தான். வீட்டில் உருது பேசும் தாய்மார்கள் சிலருக்குத் தமிழ் எழுத்தும் சிரமம்.

சீட்டில் வரும் ஓடி, பிடி, டிடிஎஸ் என்பவை ஆங்கிலம்கூட அல்ல, லத்தீன் சுருக்கங்கள். முறையே நாளுக்கு ஒரு வேளை, இரு வேளை, மூன்று வேளை என்று பொருள். எஸ்ஓஎஸ் என்றால் தேவைப்பட்டால் மட்டும். கல்லூரி படித்த பிள்ளைக்கும் யாராவது சொல்லித் தந்தால்தான் இது தெரியும். கேட்பதில் வெட்கம் எதற்கு?

நம் குடும்பங்களுக்கென்று தனியாக ஒரு குழப்பமும் உண்டு. சர்க்கரைப் பரிசோதனைக்கு "ஃபாஸ்டிங்கில் வாங்க" என்றால், நோன்பு என்று நினைத்துத் தண்ணீரும் குடிக்காமல் போகிற பெரியவர்கள் இருக்கிறார்கள். குறைந்தது 8 மணி நேரம் சாப்பிடக் கூடாது, டீ, காபி கூடாது. வெறும் தண்ணீர் குடிக்கலாம். சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்கள், ரமளான் வருமுன்பே டாக்டரிடம் போய், நோன்பு வைக்கலாமா, ஸஹருக்கு எவ்வளவு, இஃப்தாருக்கு எவ்வளவு என்று கேட்டு எழுதி வாங்க வேண்டும். பகலில் சர்க்கரை இறங்கி மயங்கிய பிறகு சீட்டைத் தேடிப் பயனில்லை.

எனக்கு அதிகம் கவலை தருவது, ஆங்கிலம் தெரியும் என்பதற்காகப் பள்ளிப் பிள்ளைகளைத் துணைக்கு அழைத்துப் போவது. மார்பில் கட்டி இருக்கிறது என்று 12 வயது மகன் முன்னால் ஒரு தாய் எப்படிச் சொல்வாள்? "உடம்பு வலி" என்று முடித்துக்கொண்டு மாத்திரையோடு வந்துவிடுவாள். கட்டி அங்கேயே இருக்கும். பெண்ணுக்குத் துணையாக வயது வந்த ஒரு பெண் போகட்டும். அக்காவோ, நாத்தனாரோ, பக்கத்து வீட்டுக்காரரோ.

தேசிய மனித உரிமை ஆணையம் 2018இல் உருவாக்கிய நோயாளிகள் உரிமைச் சாசனத்தில், நோயையும் சிகிச்சையையும் நமக்குத் தெரிந்த மொழியில் விளக்கச் சொல்லும் உரிமை இடம்பெற்றிருக்கிறது. அறுவை சிகிச்சைக்கான படிவத்தைப் படித்துச் சொல்லச் சொல்லிவிட்டே கையெழுத்துப் போடுங்கள். சந்தேகம் வந்தால் 104க்கு போன் செய்து தமிழிலேயே கேட்கலாம்.

மருந்துக் கடையில் மாத்திரை வாங்கும்போதே கவரின் மேல் "காலை", "இரவு", "சாப்பாட்டுக்கு முன்" என்று எழுதித் தரச் சொல்லுங்கள். உருதுதான் வாசிக்க வரும் என்றால், வீட்டுக்கு வந்ததும் பக்கத்திலேயே உருதுவில் எழுதி வைத்துவிடலாம்.