கொல்லைக் கோழிகளுக்குப் பூனைகளால் உண்டாகும் சேதமும் அதைத் தடுக்கும் வழியும்

இராமநாதபுரம் ஜில்லாவின் கடலோரக் கிராமங்களில் நிலமில்லாத குடும்பத்திற்கும் நாலு காசு பார்க்க உதவுவது கொல்லைக் கோழியே. பெரும்பாலும் அது வீட்டுப் பெண்களின் சொந்த வருமானம். நாட்டுக்கோழி ஒன்று வருஷத்திற்கு ஏறத்தாழ 60 முட்டைகளே இடும். அவற்றுள் பத்துப் பன்னிரண்டை அடைவைத்து, 21 நாள் காத்திருந்து, பொரித்த குஞ்சுகள் மூன்றாம் நாளிலிருந்து ஒவ்வொன்றாகக் காணாமற் போகுமாயின், அவ்வருஷத்து லாபத்தில் பெரும் பங்கு போயிற்று என்றே சொல்லவேண்டும். பிறகு நடப்பது யாவரும் அறிந்ததே. பக்கத்து வீட்டுப் பூனைமேல் குற்றம் சாட்டப்படுகிறது. வேலிக்கு இருபுறமும் நின்று பேச்சு வளர்கிறது. சில இடங்களில் மீன் துண்டில் விஷம் வைப்பதுவரை போய்விடுகிறது. குஞ்சுக்காக ஆரம்பித்த சண்டையினால் ஒரு தெருவே இரண்டு கட்சியாவதும் உண்டு.

ஆகையால், முதலில் செய்யவேண்டியது திருடன் யார் என்று நிச்சயிப்பது. வீட்டுப் பூனை வளர்ந்த கோழியுடன் பெரும்பாலும் மோதுவதில்லை. அதற்கு எளிதில் கிடைப்பது பொரித்ததிலிருந்து ஆறு வாரத்திற்குட்பட்ட குஞ்சு. குஞ்சை முழுதாகக் கவ்விக்கொண்டு மறைவான இடத்திற்குப் போய்விடுமாதலால், அவ்விடத்தில் சில இறகுகளுக்குமேல் ஒன்றும் மிஞ்சாது. ஒரே தடவையில் பல கோழிகள் கழுத்துக் கடியுண்டு கிடந்தால் அது கீரி அல்லது மரநாயின் வேலை என்று சந்தேகிக்க இடமுண்டு. வளர்ந்த பெட்டையே இரவில் மறைந்தால் காட்டுப்பூனையையும் நினைக்கவேண்டும். எலியும் பெருச்சாளியும் குஞ்சுகளை வளைக்குள் இழுத்துச் செல்லும். ஓடுகூட இல்லாமல் முட்டை மறைந்தால் பாம்பு. பட்டப்பகலில் குஞ்சு போனால், மீன் காயும் இடத்தைச் சுற்றிவரும் பருந்தையும் காக்கையையும் மறக்கலாகாது. இவ்வளவு பேர் இருக்கப் பழி முழுவதையும் பூனை ஒன்றே சுமப்பது நியாயமாகாது.

கடற்கரை மணலே இதற்குச் சாட்சி சொல்லும். மாலையில் கூட்டைச் சுற்றி இரண்டு முழ அகலத்திற்கு மணலைத் துடைப்பத்தால் சமன்செய்து, சிறிது தண்ணீர் தெளித்து விடவேண்டும். காலையில் பார்த்தால் அடிகள் தெரியும். பூனை நகத்தை உள்ளிழுத்துக்கொண்டு நடப்பதால், அதன் தடம் உருண்டையாக, நான்கு விரலுடன், நகக்குறி இல்லாமல் இருக்கும். நாயின் தடத்தில் நகக்குறி உண்டு. கீரியின் தடத்தில் நகக்குறி நீண்டு விழும். மூன்று நாள் இவ்வாறு பார்த்தபின் அண்டை வீட்டாருடன் பேசப் போனால், பேச்சும் வேறுவிதமாயிருக்கும்.

பூனைதான் என்று நிச்சயமானபின், அது ஏன் அங்கே வருகிறது என்பதைக் கவனிக்கவேண்டும். மண்டபம், பாம்பன், தங்கச்சிமடம் முதலிய ஊர்களில் மீன் கழிவும் கருவாடும் உள்ளவரை பூனைகளும் இருக்கும். அவற்றுள் பல எந்த வீட்டிற்கும் சொந்தமானவை அல்ல. வலைகளையும் தானியத்தையும் எலி கடித்து நாசமாக்காமல் அவை ஓரளவு காக்கின்றன என்பதையும் மறுக்க முடியாது. மனிதன் வீட்டிற்குப் பூனை வந்து சேர்ந்ததே, பழங்காலத்தில் மேற்காசியாவில் தானியக் குவியலைத் தேடிவந்த எலியைத் தொடர்ந்துதான். பூனையை ஒழித்துவிட்டால் அந்த இடத்திற்கு எலி வரும். எலியும் குஞ்சைத் தின்னும். விஷம் வைப்பதோ எல்லாவற்றிலும் கெட்ட வழி. அதைத் தின்பது பூனையா, நாயா, கோழியா, தவழும் குழந்தையா என்று யாரும் சொல்ல இயலாது. 1960ஆம் வருஷத்து மிருகவதைத் தடுப்புச் சட்டப்படி அது குற்றமுமாகும். காட்டுப்பூனை, மரநாய், கீரி ஆகியவற்றைக் கொல்வதை 1972ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் தடைசெய்கிறது.

ஆகவே செலவும் உழைப்பும் கூட்டிலேயே இருக்கவேண்டும். நம் பக்கத்துப் பஞ்சாரம் நல்ல சாதனமே. ஆனால் அதை வெறுமனே கவிழ்த்து வைப்பது போதாது. பூனை ஒரு புறம் தள்ளிச் சாய்த்துவிடும். மணலானதால் அடியில் பறிப்பதும் எளிது. பஞ்சாரத்தின்மேல் கனமான கல் ஒன்றும், விளிம்பைச் சுற்றிச் செங்கல்லோ ஓட்டுத்துண்டோ வைத்து அழுத்தவேண்டும். இடுக்கு வழியாகப் பூனையின் கை நுழையுமானால், குஞ்சு உள்ளே இருந்தும் பயனில்லை.

பகலில் குஞ்சுகள் மேய்வதற்கு, உடைமுள்ளாலும் பனைமட்டையாலும் அடைப்புப் போடுவது வழக்கம். முள்வேலி நாயைத் தடுக்கும், பூனையைத் தடுக்காது. ஓர் ஆள் உயரச் சுவரையும் தாவி ஏறும் பிராணிக்கு மேற்கூரையில்லாத வேலி ஒரு பொருட்டன்று. இங்கேதான் பழைய வலைகள் உதவும். நண்டு வலையின் கண் பெரிதாதலால் ஆகாது; சாளை வலை, நெத்திலி வலை போன்ற சிறுகண் வலையை அடைப்பின்மேல் நன்றாக இழுத்துக் கட்டவேண்டும். தொய்வாக விட்டால் குஞ்சின் காலும் கழுத்தும் அதிலேயே சிக்கிக்கொள்ளும். இதனால் பருந்துக்கும் பாதுகாப்பாயிற்று. ஆயினும் வலை பகலுக்கு மட்டுமே. இரவில் எலி அதைக் கடித்து வழி செய்துவிடும். பின்னால் வருவது எலி மட்டுமாயிராது.

இரவுக்கு, தரையிலிருந்து இரண்டு அல்லது மூன்றடி உயரத்தில் கால் நாட்டிய மரக்கூடு வேண்டும். காற்றுக்கு விடும் திறப்பில் அரையங்குலக் கண்ணுள்ள கம்பிவலை அடிக்கவேண்டும். அறுகோணக் கண்ணுள்ள சாதாரணக் கோழிவலை பெரிய கோழிகளுக்குப் போதும். அதன் வழியாகச் சிறு குஞ்சும் வெளியே வரும், பூனையின் கையும் உள்ளே போகும். கதவுக்குத் தாழ்ப்பாள் அவசியம்; கயிற்றால் கட்டுவதைப் பூனை இரண்டொரு நாளில் நெகிழ்த்திவிடும். பூனை பெரும்பாலும் அந்தியிலும் விடியலிலும் வேட்டையாடுமாதலால், பொழுது சாயுமுன் அடைத்து, நன்றாய் விடிந்தபின் திறக்கவேண்டும். கூட்டின் அருகில் வலைக்குவியல், கவிழ்த்த வள்ளம், ஓலைக்கட்டு ஆகியவை இருக்கலாகாது. பதுங்க இடமில்லாவிட்டால் பூனை பாய்வது கடினம்.

தனித்தனி வீட்டார் இவ்வளவும் செய்வது சிரமமே. சங்கத்தின் உதவி இங்கேதான் தேவை. அப்போது திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்த மார்த்தாண்டத்தில், 1920ஆம் ஆண்டுகளில் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் கிராம புனருத்தாரண நிலையத்தை டாக்டர் ஸ்பென்ஸர் ஹாட்ச் நடத்தியபோது, கோழி வளர்ப்போர் முட்டைகளை ஒன்றுசேர்த்துக் கூட்டுறவு முறையில் விற்றனர். விற்பதில் சேர்ந்தவர்கள் காப்பதிலும் சேரலாம். கம்பிவலை ஒரு சுருளாக வாங்கப்பட்டால், பத்துக் கூட்டிற்கு அளந்து வெட்டிக் கொடுக்கலாம். ஒரு வீட்டார் நாலு முழம் வாங்கும் சில்லறை விலை கொடுக்க வேண்டியதில்லை. அதைவிட முக்கியமானது மீன் கழிவு. தெருவுக்கு ஒரு குழி வெட்டி, அன்றாடம் கழிவைப் போட்டு மண்ணால் மூடினால், பூனைகள் கொல்லைகளைச் சுற்றுவது குறையும். தென்னைக்கு எருவும் ஆகும். ஒரு வீட்டார் மூடி, எதிர்வீட்டார் வாசலில் கொட்டினால் பலனில்லை. வளர்க்கும் பூனைகளுக்குக் கால்நடை மருத்துவரிடம் கருத்தடை செய்விப்பதையும் சங்கக் கூட்டத்தில் பேசி முடிவு செய்யலாம். குட்டிகள் பெருகினபின் புகார் செய்வதைவிட அது சுலபம்.

இன்னொரு விஷயம் இக்கரைக்கே உரியது. கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாட்கள் விசைப்படகுகள் மீன்பிடிக்கச் செல்வதற்குத் தடை உண்டு. அந்நாட்களில் கரையில் கழிவு குறைந்து, பசித்த பூனைகள் கொல்லைக்குள் வருவது இயல்பு. வீட்டு வருமானமும் குறையும் அதே சமயத்தில் குஞ்சையும் இழப்பது இரட்டை நஷ்டம். தை மாத முடிவுக்குள் அடைவைத்தால், மாசியில் பொரித்து, தடை தொடங்குமுன் குஞ்சுகள் ஆறு வாரம் கடந்துவிடும். அதற்குப் பிந்திப் பொரித்த குஞ்சுகளைத் தடைக்காலம் முடியும்வரை வலை போட்ட அடைப்புக்கு வெளியே விடாதிருப்பது நல்லது.